மின்சாரம் போன பிறகும் கேட்கும் குரல்: மெகாபோனை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது?

2021 டிசம்பர் 18ஆம் தேதி ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்தபோது பலர் வீட்டு மாடியிலும் கூரையிலும் மணிக்கணக்கில் காத்திருந்தனர். மின்சாரம் இல்லை. கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துபோனது. படகு எப்போது வரும், எந்தச் சாலை திறந்திருக்கிறது, நிவாரண மையம் எங்கே என்பது தெரியாமல் பலர் அந்த இரவைக் கழித்தனர். அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 2014 டிசம்பரில் கிழக்குக் கரையைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தின்போதும் இதே நிலைதான். 2 லட்சத்திற்கும் அதிகமானோர் வீடுகளை விட்டு வெளியேறினர். கிளந்தானின் குவாலா கிராய் போன்ற இடங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டதால் உதவி கேட்பதே பெரும்பாடாக இருந்தது.

இன்று ஒவ்வொரு தாமானுக்கும் தோட்டத்துக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஆனால் மின்சாரமும் இணையமும் போய்விட்டால் அந்தக் குழுவும் மௌனமாகிவிடும். அந்த வேளையில் சில பேட்டரிகளோடு வேலை செய்யும் எளிய கருவி மெகாபோன் எனும் கை ஒலிபெருக்கி. விலை அதிகமில்லை. எங்கும் கிடைக்கும். பல கோயில்களிலும் பள்ளிகளிலும் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. ஆனால் பேட்டரி உண்டா, யார் எடுப்பது, எடுத்தவர் என்ன சொல்வது என்பது முன்கூட்டியே முடிவாகியிருந்தால்தான் அது உயிர் காக்கும்.

முரசிலிருந்து மெகாபோன் வரை

ஊருக்கே செய்தி சொல்வது தமிழர்களுக்குப் புதிதல்ல. மணிமேகலையின் விழாவறை காதையில், இந்திர விழா தொடங்கப் போவதை யானையின் பிடரியில் முரசை ஏற்றி நகரெங்கும் அறிவிக்கிறார்கள். விழா வருகிறது என்று சொன்னதோடு அந்த அறிவிப்பு முடியவில்லை. தெருவில் புதுமணல் பரப்புங்கள், தோரணம் கட்டுங்கள், பகைவரோடு பூசல் செய்யாமல் விலகியிருங்கள் என்று மக்கள் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறது. நல்ல அறிவிப்புக்கு இன்றும் அதுவே இலக்கணம். பின்னாளில் ஊர்களில் தண்டோரா போட்டதும், தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டுக்கு மணியடித்ததும் இதே வேலைக்குத்தான்.

குரலைக் குழாய் வழியே பெரிதாக்கும் கருவியைப் பற்றி 1671இல் இங்கிலாந்தின் சாமுவேல் மோர்லண்ட் நூல் எழுதி வெளியிட்டார். கப்பல் தலைவர்கள் இன்னொரு கப்பலை அழைக்க அத்தகைய ஊதுகுழல்களையே நீண்ட காலம் பயன்படுத்தினர். கையில் பிடித்துப் பேசும் மின்சார மெகாபோனை 1954இல் ஜப்பானின் கோபே நகரைச் சேர்ந்த டோவா நிறுவனம் அறிமுகப்படுத்தியது. நம் கோயில்களிலும் பள்ளிகளிலும் பார்க்கும் ஒலிபெருக்கிகள் பலவற்றில் அதே நிறுவனத்தின் பெயரைக் காணலாம்.

மலாயாவில் அவசரகாலச் சட்டம் நடப்பில் இருந்த 1950களில், தகவல் இலாகாவின் ஒலிபெருக்கி வேன்கள் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் சென்று அறிவிப்புகளையும் படங்களையும் கொண்டு சேர்த்தன. காட்டுக்குள் இருந்தவர்களைச் சரணடையும்படி விமானத்திலிருந்தே ஒலிபெருக்கியில் அழைத்ததும் அந்தக் காலத்தில்தான். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோதும் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் குடியிருப்புகளுக்குள் வந்து, வீட்டிலேயே இருக்கும்படி பல மொழிகளில் சொல்லிச் சென்றன.

கருவி எப்படி வேலை செய்கிறது?

மெகாபோனில் நான்கு பாகங்கள் உள்ளன. பேசும் மைக், அந்த ஒலியின் வலுவைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையர், முன்னால் விரியும் கூம்பு, பின்னால் பேட்டரிப் பெட்டி. கூம்பு வெறும் அலங்காரமல்ல. நாலா பக்கமும் சிதறும் ஒலியை ஒரே திசையில் குவித்து அனுப்புவது அதுதான். அதனால்தான் மெகாபோனுக்கு நேர் எதிரே இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்பது, பக்கவாட்டில் நிற்பவருக்கு மங்கலாகக் கேட்கிறது. தெரு முழுவதற்கும் சொல்ல வேண்டுமானால் கருவியை மெதுவாகத் திருப்பி, ஒவ்வொரு திசையிலும் நிறுத்திப் பேச வேண்டும்.

தூரம் இரு மடங்காகும்போது ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் குறைகிறது. எனவே 10 வாட் கருவிக்குப் பதில் 20 வாட் கருவி வாங்கினால் இரு மடங்கு தூரம் கேட்கும் என்று நினைப்பது தவறு. வாட் இரட்டிப்பானால் கிடைக்கும் கூடுதல் ஒலி 3 டெசிபல் மட்டுமே. தூரம் இரு மடங்காக வேண்டுமென்றால் வாட் நான்கு மடங்காக வேண்டும். பெரிய கருவியோடு ஒரே இடத்தில் நிற்பதைவிட, சிறிய கருவியோடு நாலு இடத்துக்கு நடப்பதே பலன் தரும்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் தூரம், இரைச்சல் இல்லாத திறந்த வெளிக்கானது. 300 மீட்டர் என்று போட்டிருந்தாலும், தகரக் கூரையில் கனமழை கொட்டும் தோட்ட வீட்டுக்குள் இருப்பவருக்கு 30 மீட்டரில்கூட வார்த்தை புரியாமல் போகலாம். காற்றும் முக்கியம். காற்று வீசும் திசையில் பேசினால் ஒலி தொலைவுக்குப் போகும். எதிர்காற்றில் பேசினால் ஒலி மேல்நோக்கி வளைந்து, தூரத்தில் இருப்பவரின் தலைக்கு மேலே போய்விடும். ஆகவே மழை நாளில் காற்று முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று பேசுவதே முறை.

ஒரு கிராமத்தைக் காப்பாற்றிய குரல்

ஒலிபெருக்கி உயிர் காத்த நிகழ்வுகளில் சிங்கப்பூரோடு தொடர்புடைய ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் தேதி இந்தோனேசியாவின் சுமத்ராவுக்கு அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தால் சுனாமி எழுந்தது. அப்போது சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு மீனவர் மகன், அந்தச் செய்தியை அறிந்ததும் புதுச்சேரியில் உள்ள தன் ஊரான நல்லவாடு கிராமத்துக்குத் தொலைபேசியில் பேசினார். கடல் ஊருக்குள் வருவதாகத் தகவல் கிடைத்ததும், ஊர் மக்கள் கிராமத் தகவல் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் எல்லாரையும் உடனே வெளியேறச் சொன்னார்கள். அலை வந்தபோது வீடுகளும் படகுகளும் போயின. ஆனால் ஏறக்குறைய 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

நல்லவாட்டில் இருந்தது கூரையில் பொருத்திய ஒலிபெருக்கி, மெகாபோன் அல்ல. ஆனாலும் அதன் பாடம் இரண்டுக்கும் பொருந்தும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் திட்டத்தில் அமைந்த அந்த மையம், அலை எவ்வளவு உயரம், கடலுக்குப் போகலாமா என்பதைத் தினமும் அதே ஒலிபெருக்கியில் சொல்லிவந்தது. மக்கள் அந்தக் குரலைக் கேட்டுப் பழகியிருந்தார்கள், அதை நம்பினார்கள். ஆகவே அந்த ஒரு நாளும் நம்பினார்கள். வருடம் முழுவதும் அலமாரியில் தூங்கும் கருவிக்கு அந்த நம்பிக்கை கிடைக்காது.

வெள்ள காலத்தில்

வடகிழக்குப் பருவமழை நவம்பர் முதல் மார்ச் வரை நீடிக்கும். நீர்ப்பாசன வடிகால் துறை ஆற்று நீர்மட்டத்தை இயல்பு, கவனம், எச்சரிக்கை, அபாயம் என நான்கு நிலைகளாகப் பிரித்து அறிவிக்கிறது. மலாயில் இவற்றை நோர்மல், வாஸ்பாடா, அமாரான், பஹாயா என்பார்கள். மெகாபோனை அபாய நிலை வரும்வரை வெளியே எடுக்காமல் இருக்கக்கூடாது. கவனம் என்ற நிலையிலேயே பேட்டரியைச் சோதித்து, எச்சரிக்கை நிலையில் தெருத்தெருவாகச் சொல்லத் தொடங்கினால்தான், காரை மேட்டுக்கு ஏற்றவும் மருந்து, அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம் போன்றவற்றை எடுக்கவும் மக்களுக்கு நேரம் கிடைக்கும்.

நடு இரவில் வெள்ளம் வந்தால் பெரும்பாலோர் தூக்கத்தில் இருப்பார்கள். முதலில் 5 முதல் 10 விநாடி சைரன், பிறகு பேச்சு, மறுபடியும் சைரன் என்ற வரிசையில் செய்யலாம். சைரனை விடாமல் அலறவிட்டால் கேட்பவருக்குப் பதற்றம் மட்டுமே மிஞ்சும். என்ன செய்வதென்று தெரியாது.

படகிலோ லோரியிலோ போகிறவர்கள் பேசும்போது இயந்திரத்தை நிறுத்த வேண்டும். பேசி முடித்ததும் அரை நிமிடமாவது அமைதியாகக் காது கொடுக்க வேண்டும். சிக்கியிருப்பவர் பதிலுக்குக் கத்துவார், கதவைத் தட்டுவார், பாத்திரத்தை அடிப்பார். பேசிக்கொண்டே கடந்துபோகும் படகுக்கு அந்தச் சத்தம் கேட்காது. பேசு, நிறுத்து, கேள் என்பது மீட்பின் அடிப்படை ஒழுங்கு.

மெகாபோன் பிடிப்பவர் மீட்புக்காரர் ஆகிவிட முடியாது. ஓடும் வெள்ளத்தில் இறங்கி வீடு வீடாகப் போவது அவர் வேலையல்ல. உயரமான இடத்தில் நின்று சொல்ல வேண்டும். சிக்கியிருப்பவர்கள் தெரிந்தால் 999 எண்ணுக்கோ, அருகில் இருக்கும் தீயணைப்பு மீட்புத் துறையினரிடமோ பொதுத் தற்காப்புப் படையினரிடமோ தெரிவிக்க வேண்டும்.

தீ ஏற்படும்போது

தீ எச்சரிக்கை மணி அடித்ததும் எழுந்து ஓடுபவர் குறைவு. சோதனையாக இருக்கும், யாரோ தவறி அழுத்தியிருப்பார்கள் என்றுதான் பலரும் நினைப்பார்கள். பிரிட்டனின் நியூகாசல் நகர நிலத்தடி ரயில் நிலையத்தில் நடத்தி 1991இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மணி மட்டும் அடித்தபோது பயணிகள் தயங்கி நின்றனர். என்ன நடந்தது, எந்த வழியாக வெளியேறுவது என்று நேரடியாகக் குரல் கொடுத்தபோது விரைவாக வெளியேறினர்.

தமிழ்ப்பள்ளிகளில் தீப் பயிற்சி நடத்தும்போது இதை மனத்தில் கொள்ளலாம். மணி அடித்தவுடன் ஓர் ஆசிரியர் மெகாபோனில், எந்தக் கட்டடம், எந்தப் படிக்கட்டு, எந்தத் திடல் என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் திடலில் கூடிய பிறகு வகுப்பு வாரியாகப் பெயர் எடுப்பதற்கும் அதே கருவி உதவும். அடுக்குமாடி வீடுகளில் மெகாபோனோடு படியேறிப் போகக்கூடாது. வெளியே, கட்டடத்திலிருந்து தள்ளி நின்று, மேல்மாடி ஜன்னல்களை நோக்கிப் பேச வேண்டும்.

என்ன சொல்வது?

அவசர நேரத்தில் பேசுகிறவர் பலமுறை செய்யும் பிழை, நிலைமையை மட்டும் சொல்லி, செய்ய வேண்டியதைச் சொல்லாமல் விடுவது. நல்ல எச்சரிக்கையில் ஐந்து விவரங்கள் இருக்கும். பேசுவது யார், என்ன ஆபத்து, எந்த இடத்துக்கு, எவ்வளவு நேரத்துக்குள், மக்கள் என்ன செய்ய வேண்டும். இந்த ஐந்தையும் 20 விநாடிக்குள் சொல்லிவிடலாம்.

எடுத்துக்காட்டாக:

“கோயில் தலைவர் பேசுறேன். ஆத்துத் தண்ணி ஏறுது. முதல் லயம், ரெண்டாவது லயம், எல்லாரும் இப்பவே பள்ளிக்கூடத்துக்குப் போங்க. மருந்தையும் ஐ.சி.யையும் மட்டும் எடுத்துக்குங்க. மேட்டு ரோட்டு வழியா போங்க.”

இதை எழுத்துத் தமிழில் சொல்லத் தேவையில்லை. ‘நீர்மட்டம் உயர்ந்துகொண்டிருப்பதால் குடியிருப்பாளர்கள் பாதுகாப்பான இடத்திற்கு இடம்பெயருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்ற வாக்கியம் செய்திக்குப் பொருந்தும். மழையில் பேசுவதற்குப் பொருந்தாது. வாக்கியம் நீண்டால் பாதி காற்றில் போய்விடும்.

தமிழில் பேசும்போது கவனிக்க வேண்டிய இன்னொரு நுட்பம் உண்டு. நம் மொழியில் மறுப்பு வினையின் கடைசியில் வருகிறது. ‘பாலத்துப் பக்கம் போகாதீங்க’ என்று சொல்லும்போது, கடைசி அசைகள் மழையில் கரைந்தால் கேட்பவர் காதில் விழுவது ‘பாலத்துப் பக்கம் போ’ என்பது மட்டுமே. சொன்னதற்கு நேர் எதிரான பொருள் அது. மலாயில் ‘ஜாங்கான்’ என்ற மறுப்புச் சொல் முதலிலேயே வந்துவிடுவதால் இந்தச் சிக்கல் குறைவு. எனவே தமிழில் செய்யக்கூடாததைச் சொல்வதைவிட, செய்ய வேண்டியதைச் சொல்வதே பாதுகாப்பானது. ‘பள்ளிக்கூடத்துக்கு வாங்க’ என்றால் பாதி கேட்டாலும் தவறான இடத்துக்கு யாரும் போக மாட்டார்கள். மறுப்பு கட்டாயம் வேண்டுமென்றால், ‘ஆபத்து! பாலம் ஆபத்து!’ என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

யார் குரல், எந்த மொழி?

எச்சரிக்கையைக் கேட்டதும் பலர் உடனே கிளம்புவதில்லை. வெளியே எட்டிப் பார்ப்பார்கள், பக்கத்து வீட்டாரைக் கேட்பார்கள், யாராவது போகிறார்களா என்று பார்ப்பார்கள். இது உலகெங்கும் பேரிடர் காலங்களில் காணப்படும் மனித இயல்பு. அந்தத் தயக்கத்தைக் குறைப்பது தெரிந்த குரல். தோட்டத்தில் மண்டோரோ கிராணியோ, தாமானில் குடியிருப்பாளர் சங்கத் தலைவரோ ருக்குன் தெத்தாங்கா உறுப்பினரோ, கோயில் தலைவரோ பேசினால், ‘நம்ம அண்ணன் சொல்றாரு’ என்று மக்கள் எழுவார்கள். ஒருவரை மட்டும் நம்பியிருக்காமல் இரண்டு மூன்று பேரை முன்பே பழக்கி வைக்க வேண்டும். அவர்களில் ஒரு பெண்ணாவது இருப்பது நல்லது. பகலில் ஆண்கள் வேலைக்குப் போன பிறகு வீட்டில் இருப்பவர்கள் பெண்களும் முதியவர்களும் குழந்தைகளுமே.

இன்றைய தோட்டம் தமிழர் மட்டும் வாழும் இடமல்ல. இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளத் தொழிலாளர்களும் அங்கே இருக்கிறார்கள். நகர்ப்புறக் குடியிருப்புகளில் எல்லா இனத்தவரும் கலந்து வாழ்கிறார்கள். ஆகவே மலாயில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை என்று மாறி மாறிச் சொல்வது நல்லது. ‘பாஞ்சிர்! ஆயிர் நாயிக்! பிண்டா கெ செக்கோலா, செகெரா!’ என்ற நான்கு சிறு தொடர்கள் பெரும்பாலோருக்குப் புரியும். வயதானவர்கள் அதிகம் இருக்கும் வரிசைகளில் தமிழை முதலில் சொல்லலாம். எந்தத் தெருவில் எந்த மொழி என்பதையும் முன்பே ஒரு தாளில் குறித்து, மெகாபோன் பெட்டியில் ஒட்டி வைக்கலாம்.

பிடிப்பதும் பேசுவதும்

மைக்கை வாயிலிருந்து இரண்டு மூன்று விரல் அளவு தள்ளிப் பிடிக்க வேண்டும். வாயில் ஒட்டிக்கொண்டால் ஒலி உடைந்து, வார்த்தை குழறும். கத்தவே கூடாது. ஒலியைப் பெரிதாக்குவது கருவியின் வேலை. தெளிவாக, நிதானமாக உச்சரிப்பது பேசுகிறவரின் வேலை. வழக்கமான வேகத்தில் பாதியில் பேசி, ஒவ்வொரு தொடருக்குப் பின்னும் ஒரு மூச்சு இடைவெளி விட வேண்டும். அடுத்த கட்டடத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலி அடங்கவும் அந்த இடைவெளி உதவும்.

‘ஊய்ங்’ என்ற ஊளைச் சத்தம் வந்தால், கூம்பிலிருந்து போகும் ஒலி மறுபடியும் மைக்கில் நுழைகிறது என்று பொருள். ஒலி அளவைக் கொஞ்சம் குறைத்தாலோ, எதிரே இருக்கும் சுவரை விட்டு வேறு பக்கம் திரும்பினாலோ நின்றுவிடும். தனி மைக் உள்ள மாதிரியாக இருந்தால், கூம்புக்கு முன்னால் மைக்கைக் கொண்டுவரக்கூடாது.

கூம்புக்கு அருகில் ஒலி 100 டெசிபலைத் தாண்டும். கூட்டத்தில் முன்வரிசையில் நிற்பவரின் முகத்துக்கு நேரே, குறிப்பாகக் குழந்தைகளின் காதருகே பேசக்கூடாது. கூட்டத்தின் தலைக்கு மேலே, பின்வரிசையை நோக்கிச் சற்றே உயர்த்திப் பிடித்தால் முன்னால் இருப்பவர் காதும் பிழைக்கும், பின்னால் இருப்பவருக்கும் கேட்கும்.

அன்றாட வாழ்க்கையில்

நம் தெருக்களில் அதிகம் கேட்கும் ஒலிபெருக்கிக் குரல் எது என்று கேட்டால், பழைய பேப்பர் வாங்க வரும் லோரியின் ‘சூராட் காபார் லாமா’ என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். பதிவு செய்த குரல் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. ஓட்டுநர் ஒரு வார்த்தை பேசாமலே தெரு முழுவதும் வியாபாரம் நடக்கிறது. இப்போது விற்கும் பல மெகாபோன்களில் இந்தப் பதிவு வசதி உண்டு. சில விநாடிச் செய்தியைப் பதிந்துவிட்டால் அதுவே திரும்பத் திரும்பச் சொல்லும். பாசார் மாலாம் வியாபாரிகளுக்குத் தொண்டை மிச்சம்.

அதே வசதி குடியிருப்புக்கும் பயன்படும். தண்ணீர்த் தடையின்போது ‘தண்ணி லோரி வந்திருக்கு, மண்டபத்துப் பக்கம் நிக்குது’ என்று சொல்ல, டிங்கிக் கொசுவுக்குப் புகை அடிக்க வரும்போது ஜன்னலைத் திறந்து, உணவை மூடி வைக்கச் சொல்ல, கோத்தோங் ரோயோங்குக்கு ஆள் கூப்பிட மெகாபோன் போதும்.

பத்துமலைத் தைப்பூசம் போன்ற பெருங்கூட்டத்தில், 272 படிகளில் ஏறுபவரும் இறங்குபவரும் முட்டிக்கொள்ளாமல் இருக்கக் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கிகளில் பக்திப் பாடல் ஒலிக்கும்போது, படியோரத்தில் நிற்கும் தொண்டூழியரின் மெகாபோன்தான் ‘இடது பக்கமா ஏறுங்க, காவடிக்கு வழி விடுங்க’ என்று அந்த இடத்துக்குத் தேவையானதைச் சொல்லும். சிறிய தோட்டத்துக் கோயில் திருவிழாவில் தேர் நகரும்போதும், தீமிதி நடக்கும்போதும் இதே தேவைதான். தேரின் வடம் பிடிப்பவர்களுக்கு ‘நில்லு’ என்ற ஒரு சொல் ஒரே நேரத்தில் எல்லாருக்கும் கேட்காவிட்டால் விபத்து நேரும்.

கூட்டத்தில் காணாமற்போன குழந்தையை அறிவிக்கும்போது ஒரு கவனம் தேவை. கண்டெடுத்த குழந்தையின் பெயர், உடை, வயது எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டால் யார் வேண்டுமானாலும் வந்து தன் பிள்ளை என்று சொல்லலாம். ‘ஒரு குழந்தை உதவிக் கூடாரத்தில் இருக்கிறது, பெற்றோர் வந்து அழைத்துச் செல்லவும்’ என்று மட்டும் சொல்லி, மற்ற விவரங்களை வருகிறவரிடம் கேட்டு உறுதி செய்வதே சரி.

பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஓட்டக்காரர்களை அழைப்பது, பேருந்து ஏறும் பிள்ளைகளை வரிசைப்படுத்துவது என்று ஆசிரியர்களுக்கும் மெகாபோன் நாள்தோறும் உதவும். தினமும் எடுத்தால் பேட்டரி இருக்கிறதா என்பதும் தினமும் தெரிந்துவிடும். அவசரத்துக்கென்று பூட்டி வைக்காமல் அன்றாடம் பயன்படுத்துவதால் கிடைக்கும் பெரிய நன்மை இது.

பயன் இருக்கிறது என்பதற்காக எந்நேரமும் எடுக்கவும் கூடாது. இரவு நேரத்தில், மருத்துவமனை, பள்ளி, பிற வழிபாட்டுத் தலங்களுக்கு அருகில் அளவறிந்து பயன்படுத்த வேண்டும். ஊர்வலத்துக்கும் பொது நிகழ்ச்சிக்கும் காவல் நிலையத்திலும் ஊராட்சி மன்றத்திலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. வீண் சத்தமாகப் பழகிப்போன குரலை, உண்மையான ஆபத்து வரும்போது யாரும் மதிக்க மாட்டார்கள்.

வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும்

ஒரு தெருவுக்கோ ஒரு சிறு பள்ளிக்கோ 10 முதல் 15 வாட் போதும். பெரிய திடலுக்கும் ஆற்றோரத் தோட்டத்துக்கும் 20 முதல் 25 வாட் எடுக்கலாம். தோளில் மாட்டும் வார் இருக்கிறதா, எடை எவ்வளவு, மழைத்துளியைத் தாங்குமா, சைரன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சைரன் பொத்தானும் பேசும் பொத்தானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அவசரத்தில் தவறுதலாக அழுத்திவிடுவோம். கடையிலேயே ஒருமுறை இருட்டில் பிடிப்பதுபோலக் கண்ணை மூடித் தடவிப் பார்க்கலாம்.

சார்ஜ் செய்யும் பேட்டரி மட்டுமே உள்ள மாதிரி அன்றாடத்துக்குச் சிக்கனம். ஆனால் மூன்று நாள் மின்சாரம் இல்லாவிட்டால் அது வெறும் கூம்பு. கடையில் கிடைக்கும் சாதாரண பேட்டரியையும் போடக்கூடியதாக வாங்குவதே வெள்ளப் பகுதிக்கு ஏற்றது. பழைய பேட்டரியையும் புதிய பேட்டரியையும் கலந்து போடக்கூடாது. மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி, அதே பெட்டிக்குள் உறையிட்டு வைக்க வேண்டும். உள்ளேயே விட்டால் கசிந்து கம்பிகளை அரித்துவிடும்.

வைக்கும் இடம் எல்லாவற்றையும்விட முக்கியம். மண்டபத்தின் கீழ்த்தளத்து ஸ்டோர் அறையில் வைத்தால் வெள்ளம் வரும்போது முதலில் மூழ்குவது அதுதான். மேல் மாடியில் அல்லது உயரமான அலமாரியில், சாவி இரண்டு பேரிடம் இருக்கும்படி வைக்க வேண்டும். பூட்டிய அறையின் சாவி வெளியூர் போனவரின் சட்டைப் பையில் இருந்தால் கருவி இருந்தும் இல்லாததுதான்.

எட்டாத இடங்கள்

மெகாபோன் எல்லாருக்கும் எட்டாது. காது கேளாதவர்கள், படுக்கையில் இருக்கும் நோயாளிகள், ஜன்னலை அடைத்துக் குளிர்சாதனம் போட்டுத் தூங்குபவர்கள், தனியாக வாழும் முதியவர்கள் ஆகியோரின் வீட்டுக் கதவை ஒருவர் போய்த் தட்டத்தான் வேண்டும். அத்தகைய வீடுகள் எவை, எந்த வீட்டுக்கு யார் போவது என்ற பட்டியலை மழைக்காலத்துக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளலாம். கைவிளக்கை ஜன்னலில் அடித்துக் காட்டுவதும் காது கேளாதவரை எழுப்பும் வழி.

அதேபோல மெகாபோன் அரசு எச்சரிக்கைகளுக்கு மாற்றும் அல்ல. ஆற்றோரச் சைரனும் வானிலைத் துறை அறிவிப்பும் வந்ததும், அதைக் கேட்காதவர்களுக்கும் புரியாதவர்களுக்கும் கொண்டு சேர்ப்பதே அதன் வேலை. உறுதிப்படுத்தாத தகவலை, யாரோ அனுப்பிய குரல் பதிவை அப்படியே ஒலிபெருக்கியில் சொன்னால் வதந்தி பரவும். அணை உடைந்தது என்ற ஒரு பொய்ச் செய்தி போதும், இருட்டில் மக்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஓட.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை

கோயில் நிர்வாகமும் குடியிருப்பாளர் சங்கமும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கினால் இந்த வேலைகள் முடிந்துவிடும்:

• மெகாபோன் எங்கே இருக்கிறது, ஓடுகிறதா என்று எடுத்துப் பார்ப்பது.

• மாற்றுப் பேட்டரி இரண்டு தொகுதி வாங்கி, தேதி எழுதி வைப்பது.

• பேசுவதற்கு மூவரைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு ஒருமுறை திடலில் பேசிப் பழகுவது.

• தமிழிலும் மலாயிலும் 20 விநாடி அறிவிப்பை எழுதி, கருவியின் பெட்டியிலேயே ஒட்டுவது.

• எந்த இடத்தில் நின்று பேசினால் எந்த வீடு வரை கேட்கிறது என்று ஒரு மழை நாளில் நடந்து பார்ப்பது.

• சைரன் என்றால் என்ன பொருள் என்பதைக் குடியிருப்பில் உள்ள எல்லாருக்கும் சொல்லி வைப்பது.

• குரல் எட்டாத வீடுகளின் பட்டியலை எழுதி, கதவு தட்டப் போகிறவரின் பெயரைப் பக்கத்தில் குறிப்பது.

கருவிக்கு ஆகும் செலவு சிறிய மாதிரியென்றால் 100 ரிங்கிட்டுக்குள் அடங்கும். நிறுவனப் பெயர் பெற்ற பெரிய மாதிரிகள் சில நூறு ரிங்கிட் ஆகலாம். ஒரு திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவில் சிறு பகுதிதான். பருவமழை தொடங்கும் முன் அதைச் செலவழித்து, ஒருமுறை பேசிப் பார்த்துவிட்டால், தண்ணீர் ஏறும் இரவில் லயத்தின் கடைசி வீட்டில் தூங்கும் பாட்டிக்கும் அந்தக் குரல் கேட்கும்.